அண்ணனுக்குத் தைத்த திரை

தையல் மெஷினைக் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டதற்கு, அங்கேதான் நல்ல வெளிச்சம் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். சுத்தப் பொய். அந்த நடையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசிக் காது தெரியும். உள்ளே போன மனிதர் என்ன ஆனார் என்று காது கொடுத்துக் கேட்கத்தான் மெஷின் அங்கே வந்தது. காலை ஆறு மணிக்குப் போவார். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து, இரண்டு கையையும் ஏற்றி, ஓரம் மடித்து அவள் நிமிரும்போதும் கதவு சாத்தியே இருக்கும். முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுக்கிற சத்தம். அது கேட்டதும் அவள் மிதியை வேகமாக்கிவிடுவாள். மெஷின் இரைச்சலில் தன் முனகல் வெளியே தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"ம்."

"ம்னா?"

"ம்னா, ஏதோ கொஞ்சம்."

"வெந்நீர் வைக்கவா?"

"வை. இன்னிக்கும் பென்சில் கனம்தான். ரத்தம் வேற."

வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். சாப்பிட உட்கார மாட்டார். அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே நாலு வாய் சோறு. ஐந்தாவது வாய்க்கு அவருக்குப் பயம். உள்ளே போவதெல்லாம் நாளைக் காலை வெளியே வந்தாக வேண்டுமே! "போதும்" என்று தட்டை நகர்த்திவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு வருஷத்தில் அவருடைய கால்சட்டைகளின் இடுப்பை அவள் நாலு தடவை பிடித்துத் தைத்தாள். ஒவ்வொரு தடவையும் பிடித்து வெட்டிய துணி இரண்டு விரற்கடை இருந்தது.

அவருக்கு லேத் பட்டறையில் கடைசல் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்று இரும்புக்குத் துளை போடுகிறவர். அளவுகோல் வைக்காமலே துளையைப் பார்த்து இத்தனை மில்லி என்று சொல்லுவார், வைத்துப் பார்த்தால் அச்சாக அதுவே இருக்கும். அப்படிப்பட்ட மனிதருக்கு மூலம் வந்து ரத்தம் போனபோது, வெட்கப்பட்டு ஆறு மாதம் மூடி மறைத்தார். அவளாகத்தான் உள்ளாடையைத் துவைக்கும்போது கண்டுபிடித்தாள். அவளாகத்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்கே போனாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். தன் கூடப்பிறந்த அண்ணனிடம்.

அண்ணன் கடைத்தெருவில் ஒரு மாடியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். 'மூலம், பவுத்திரம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை' என்று பலகை. படித்த படிப்பு என்ன என்று எவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு வருகிறவர்களுக்கு எங்கே தைரியம்? மாடிப்படி ஏறும்போதே முகத்தைத் துணியால் மூடிக்கொள்கிற ஆட்கள்தானே. "ரெண்டே நிமிஷம், கண்ணை மூடிக்குங்க" என்பது அவன் எல்லாரிடமும் சொல்லும் வார்த்தை. அதனால் ஊரில் அவனுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டான்.

முன்னறையில் இரண்டு பெஞ்சு. அதற்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரையைத் தைத்தது அவள். வெளிச்சம் ஊடுருவக் கூடாது, உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று அண்ணன் சொன்னதால் இரட்டைத் துணி வைத்து, நடுவில் கம்பளி கொடுத்து, நாலு நாள் உட்கார்ந்து தைத்தாள். அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவள் புருஷன் மூன்று தடவை கண்ணை மூடிப் படுத்தார். மூன்றாவது தடவை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நன்றாகத் தைத்திருக்கிறோம் என்று அப்போது நினைத்ததை எண்ணி எண்ணி அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

மூலம் என்னவோ உதிர்ந்துபோனது. கூடவே நிம்மதியும் போனது. இரண்டு மாதத்தில் மலவாய் சுருங்க ஆரம்பித்தது. அண்ணனிடம் சொன்னால், "உடம்பு சூடு, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லு" என்றான். அடுத்த மாதம் பேதி மாத்திரை கொடுத்தான். அதற்கடுத்த மாதம் அவள் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவை மருத்துவர் ஒரு பெண், அவரைவிட வயதில் சின்னவர். அதைப் பார்த்ததுமே இவர் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டினீங்க?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"என்ன வெச்சார்?"

"ஏதோ களிம்பு. சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. மூணு தடவை."

"எரிஞ்சிருக்குமே?"

"உயிர் போச்சு. எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னாரு."

டாக்டரம்மாவின் முகம் கடுத்துப் போனது. "காரத்தை வெச்சு சுத்திவரப் பொசுக்கியிருக்கார். மூலத்தோட சேர்த்து நல்ல தோலும் வெந்து போச்சு. அது ஆறும்போது வளையமாத் தழும்பு விழுந்து இறுகிடுச்சு. சாதாரணமா ஒரு விரல் தாராளமாப் போகணும். உங்களுக்கு என் சுண்டு விரல் நுனிகூடப் போகலை. யார் அவர்? பேர் சொல்லுங்க, நான் எழுதணும்."

அவள் வாயைத் திறந்தாள். அவர் அவள் பாதத்தின் மேல் தன் செருப்பை வைத்து அழுத்தினார். "வெளியூர்க்காரர்மா. எங்க இருக்காரோ" என்றார்.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு மறைச்சீங்க?"

"உன் கூடப்பிறந்தவர்."

"நானே சொல்ல வந்தேன், உங்களுக்கென்ன?"

"அவருக்காக மட்டுமில்ல. பேரைச் சொன்னா விசாரணை வரும். நாலு பேர் முன்னாடி என்னை நிக்க வெச்சு, உனக்கு எங்கய்யா சுருங்குச்சுன்னு கேப்பான். பட்டறையில நான் எப்படித் தலை நிமிர்ந்து நிக்கிறது?"

அவளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அண்ணனுக்குக் காவல் இந்த வெட்கம்தான். இவரைப் போல எத்தனை பேர் கக்கூஸுக்குள் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறார்களோ, ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவன் பலகை மாட்டியிருக்கிறான். அவள் அன்றே மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் முதல் வைத்தியமாக மயக்க மருந்து கொடுத்துக் கொஞ்சம் விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வழவழவென்று மூன்று குச்சிகள் கொடுத்தார்கள், சிறிசு, நடு, பெரிசு. வெந்நீரில் கால் மணி உட்கார்ந்து எழுந்து, களிம்பு தடவி, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "சின்னது ரெண்டு வாரம். வலியே இல்லாமப் போகணும். அப்புறம்தான் அடுத்தது. அவசரமே கூடாது" என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார்.

அவர் அந்த மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துத் தன் அளவுகோலால் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க பாரு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நாலு மில்லி தாவுது. துளையை இப்படியா பெருசாக்குவாங்க? எந்தப் பட்டறையிலயும் செய்ய மாட்டான்."

"டாக்டர் சொன்னதைச் செய்யுங்க."

"டாக்டர் சொன்னதைத்தான் செய்யப் போறேன். இன்னும் சுத்தமா."

பட்டறையில் எல்லாரும் டீ குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, வெள்ளை நைலான் கம்பியை வாங்கி அவரே கடைந்தார். பதினாலு உருப்படி. முதலாவது எட்டு மில்லி, ஒவ்வொன்றும் முந்தினதைவிட அரை மில்லி பெரிசு. நுனியை உருட்டி, துணி வைத்துத் தேய்த்து மெருகேற்றி, அடியில் எண் பொறித்து, மரக்கட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகிக் கொண்டுவந்தார். ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவர் சீட்டியடித்தது. அவளுக்கே பார்க்க அழகாக இருந்தது. அழகைப் பார்த்து அவளும் ஏமாந்தாள் என்பதுதான் உண்மை.

"தினம் ஒண்ணு ஏத்தினா பதினாலு நாள். பதினஞ்சாம் நாள் உங்க அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் எதிரிலேயே சம்மணம் போட்டு உக்காந்து மூணு தட்டு சாப்பிடறேன், பாரு."

ஐந்து நாள் சரியாகத்தான் போனது. ஆறாம் நாள் உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் அவள் ஊசியைத் தன் விரலிலேயே ஏற்றிக்கொண்டாள். கதவைத் தள்ளித் திறந்தபோது தரையெல்லாம் ரத்தம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வயசுப் பிள்ளை தப்புச் செய்துவிட்டு நிற்பதுபோல நின்றார். எலும்பாகிப்போன அந்த முதுகை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் போனை எடுத்தாள். ஆட்டோவுக்குச் சொன்ன பிறகு, பதற்றத்தில், அழுகையில், பழைய பழக்கத்தில், அண்ணனைத்தான் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். குச்சியைக் கடைந்தது, நாளுக்கு அரை மில்லி ஏற்றியது, எல்லாமும். அந்தப் பக்கம் அவன் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

டாக்டரம்மா இந்தத் தடவை கோபிக்கவில்லை. மரக்கட்டையோடு அந்தப் பதினாலையும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வேலை பிரமாதம். நான்கூட இவ்வளவு நேர்த்தியாப் பாத்ததில்லை. ஆனா நீங்க இரும்பு நினைப்புல செஞ்சிருக்கீங்க. இரும்பை அரை மில்லி அறுத்தா, அறுத்தது அப்படியே நிக்கும். சதை நிக்காது. கிழிஞ்ச இடத்துல மறுபடியும் தழும்பு விழும். தழும்பு மறுபடியும் இழுக்கும். இனி குச்சி மட்டும் போதாது, ஆபரேஷன்தான்."

"அறுப்பீங்களா?" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு வெளியே முக்கோணம் மாதிரி ஒன்றை வரைந்து, அதை உள்ளே நகர்த்திக் காட்டினார். அவர் விழித்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், அக்குள்ல பிடிக்கிற சட்டைக்கு ஒட்டுத்துண்டு வெச்சுத் தைப்போம். அதுதானே இது?"

"அதேதான்! இழுத்துப் பெருசாக்கினா கிழியும். பக்கத்துல இருக்கிற நல்ல தோலைக் கொண்டுவந்து நடுவுல சேக்கணும். ஒரு வித்தியாசம். நீங்க துண்டைத் தனியா வெட்டி எடுப்பீங்க. நான் அடியில ஒட்டியே வெச்சு நகர்த்துவேன். ரத்தம் ஓடணும்ல."

"அப்ப சரி" என்றாள் அவள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வைத்தியம் அவளுக்குப் புரிந்தது. அவர் பக்கம் திரும்பி, "படுங்க. இது தையல் வேலைதான்" என்றாள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்து வந்த மறுநாள் நூல் வாங்கப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்காரம்மா நூல் கண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, சிரிப்பை உதட்டுக்குள் அமுக்கிக்கொண்டு கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு? லேத்துல என்னமோ கடைஞ்சு..."

"கடைஞ்சு?"

"இல்ல, கேள்விப்பட்டேன். எதுக்கு இந்த வேலைன்னு கேக்கறேன். உங்க அண்ணன்தான் பாவம், நல்லாக் குணமாக்கி அனுப்பியும் மனுஷன் தானா கெடுத்துக்கிட்டாரேன்னு வருத்தப்பட்டாராம்."

அவள் நூலை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். கடைத்தெரு முழுக்க அந்தச் சிரிப்பு தன் பின்னாலேயே வருகிற மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நீயா சொன்னே?"

"எது?"

"நடிக்காதே. குச்சி சமாச்சாரம்."

"தப்பா ஒண்ணும் சொல்லலையே தங்கச்சி. நடந்ததைத்தானே சொன்னேன்? ஆஸ்பத்திரிக்குப் போனா கேள்வி வரும்ல. என் தொழிலையும் நான் பாக்கணும்ல."

"நான் அழுதுக்கிட்டு உன்கிட்ட சொன்னது அது."

"அழாதே. எல்லாம் சரியாப் போகும்."

அவள் போனை வைத்தாள். அன்றைக்கு அவள் போட்ட தையல் அத்தனையும் கோணல். பிரித்துப் பிரித்துத் தைத்தாள். உன் தொழிலை நீ பார், உன்னை நான் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் நின்றுகூடச் சாப்பிடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வார்டு ஆயா, பருத்த உடம்பும் பெருத்த குரலுமாக, கட்டில் கட்டிலாக விசாரித்துக்கொண்டு போவாள். "எட்டாம் நம்பர், காத்துப் பிரிஞ்சுதா? கூச்சப்படாமச் சொல்லு, இங்க எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம்!" அந்த வார்டில் மட்டும் வெட்கம் செல்லுபடியாகவில்லை. மூன்றாம் நாள் இவர்கூட, "பிரிஞ்சுது" என்று உரக்கவே சொன்னார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நாலாம் நாள் அண்ணன் வந்தான். கையில் பழப்பை. நெற்றியில் வியர்வை. கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்ப்பதற்கு முன்னால் வார்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். முகத்தைப் பாதி கைக்குட்டையால் மூடியிருந்தான், ஆஸ்பத்திரி நாற்றம் தாங்கவில்லை என்பதுபோல.

"எப்படி இருக்கீங்க மாப்ளே?"

"இருக்கேன் மச்சான்."

"டாக்டர் ஏதாச்சும் கேட்டாங்களா? யாரு, எவருன்னு?"

"நான் சொல்லலை."

"அதான் பெரிய மனுஷத்தனம். குடும்ப விஷயம் குடும்பத்தோட இருக்கட்டும்."

அவள் பழப்பையை வாங்கவில்லை. அவன் அதைக் கட்டிலடியில் வைக்கக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஆயா பாத்திரத்தோடு வந்தாள். குனிந்திருந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, சட்டைக்காரரா! மறுபடியும் வந்துட்டீங்களா? இப்ப உக்கார முடியுதா?"

அண்ணன் நிமிர்ந்தான். "யாரும்மா நீ? ஆள் மாறிப் பேசறே."

"நான் ஆள் மாறுவேனா? ரெண்டு வருஷம் முன்னாடி, இதோ இந்த நாலாம் நம்பர் கட்டில். மூலம் ஆபரேஷன். பன்னெண்டு நாள். ஆஸ்பத்திரிச் சட்டை போட மாட்டேன்னு அடம் பிடிச்சு, புதுச் சட்டை ரெண்டை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு... மேல மாப்பிள்ளை மாதிரி, கீழ ஆஸ்பத்திரித் துணி! வார்டே சிரிச்சுதே. அதுல ஒண்ணு ஊதாக் கோடு போட்டது. நெஞ்சுப் பையில மூடி வெச்சுப் பொத்தான். சரிதானே?"

சரிதான். அந்தச் சட்டைகளையும் அவள்தான் தைத்தாள். 'வெளியூர்ல வைத்தியர்கள் மாநாடு, பன்னெண்டு நாள்' என்று அண்ணன் வந்து நின்றபோது, மேடையில் உட்காருகிறவனாயிற்றே என்று நெஞ்சுப் பைக்கு மூடி வைத்து, மூடிக்குப் பொத்தான் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். தன் உடம்புக்கு வந்தபோது இவன் திரைக்குப் பின்னால் படுக்கவில்லை. தன் களிம்பைத் தான் தொடவில்லை. கத்தியைத் தேடி இங்கே வந்திருக்கிறான்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான்.  "வரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். பழப்பை கட்டிலடியிலேயே கிடந்தது. ஆயா, "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நீங்க நல்லா இருக்கணும்" என்று அவள் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"பேரைச் சொல்லட்டுமா?" என்றாள்.

அவர், "டாக்டரம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?" என்றார்.

டாக்டரம்மா எழுதிய புகாரில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் காகிதம் மேசை மேசையாக நகர்ந்து போய்ச் சேர நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். அதுவரை பொறுக்க அவளால் ஆகாது. தையல் ஆறி, அவர் தெருமுனை வரை நடக்கிற அளவுக்குத் தேறிய மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு?"

அவர் அலமாரியைத் திறந்து அந்த மரக்கட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நடக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காங்க" என்று செருப்பை மாட்டினார்.

மாடியில் இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன. ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் ஏதும் வரவில்லை.

"அண்ணே, வெளியே வா" என்றாள்.

திரை விலகியது. கையில் களிம்புக் கிண்ணத்தோடு அவன் நின்றான். "என்ன தங்கச்சி, கூட்டமா இருக்குல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

"சாயங்காலம் வேணாம். ஒரே ஒரு கேள்வி. உனக்கு மூலம் வந்தப்ப எங்க பாத்துக்கிட்டே?"

"எனக்கா? எனக்கு எதுக்கு..." பெஞ்சுப் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தான். "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. அதுல இவளுக்கு மனசு கொஞ்சம்..."

"என் மனசை விடு. பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, நாலாம் நம்பர் கட்டில், பன்னெண்டு நாள். கத்தி வெச்சுத்தானே? ரத்தம் வந்துச்சுல்ல? நான் தெச்சுக் கொடுத்த ஊதாக் கோடு சட்டையைப் போட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தே? உன் களிம்பை உனக்கு ஏன் வெச்சுக்கலை?"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். அண்ணன் அவர் பக்கம் திரும்பினான்.

"மாப்ளே, இவளைக் கூட்டிட்டுப் போங்க. உங்க மானம்தான் போகும். நீங்க லேத்துல கடைஞ்சு வெச்ச கதையை நான் இங்க சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் மச்சான்" என்றார் அவர்.

அண்ணனின் மேசையில் இருந்த பொருட்களை ஒதுக்கிவிட்டு மரக்கட்டையை வைத்தார். முதல் குச்சியை உருவி, பெஞ்சிலிருந்த எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.  

"எட்டு மில்லிங்க இது. பென்சில் கனம். இவர் உள்ளே கூட்டிட்டுப் போய் மூணு தடவை அந்தக் கிண்ணத்துல இருக்கிறதை வெச்சாரு. அப்புறம் என்னோட அளவு இதுதான். ஒரு வருஷம் நான் வயிறாறச் சாப்பிடலை. வெளிக்குப் போக ஒன்றரை மணி நேரம். அதைச் சரி பண்றேன்னு நானே அவசரப்பட்டுக் கிழிச்சுக்கிட்டதும் நெஜம். அது என் முட்டாள்தனம். ஆனா சுருக்கினது இவரு. பக்கத்துத் தோலை எடுத்து வெச்சுத் தெச்சிருக்காங்க. வேணும்னா தையலைக் காட்டறேன். எனக்கு இனிமே வெக்கம் இல்லைங்க."

 பெஞ்சின் ஓரத்தில் முக்காடு போட்டிருந்த ஒரு அம்மா, முக்காட்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "தம்பி, எனக்கு ரெண்டு தடவை வெச்சாச்சு. இன்னிக்கு மூணாவது. வரவர ரொம்ப மெல்லிசாத்தான்..." முடிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க எங்க பாத்தீங்க?"

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தான். அந்த அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னொருவர். உட்காரச் சிரமப்பட்டவர்கள், எழுவதற்கும் சிரமப்பட்டு எழுந்தார்கள். படியில் இறங்கும்போது ஒருவரும் முகத்தை மூடவில்லை. அந்த அம்மா மட்டும் நின்று அவரிடம் டாக்டரம்மாவின் வார்டு எந்தப் பக்கம் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாள்.

அவள் நாற்காலியைப் போட்டு ஏறினாள். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. வளையங்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். பச்சைத் திரை சரிந்து தரையில் விழுந்தது. உள்ளே ஒரு அழுக்குக் கட்டில், ஒரு வாளி, ஒரு குழல் விளக்கு. அவ்வளவுதான் இருந்தது.

"அது என் துணி" என்றான் அண்ணன். 

"தையல் என்னுது" என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு காகிதமும் போய்ச் சேர்ந்தது. சுகாதார ஆபீஸிலிருந்து வந்து மாடியைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். பலகையைக் கழற்றும்போது கடைத்தெருவே வேடிக்கை பார்த்ததாம். நூல்கடைக்காரம்மா வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அவள் காதில் போட்டுக்கொள்ளாததுபோல நூலைப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தித்திப்பாகத்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசற்படிக்கு உள்ளே வந்து நின்றான். மெஷின் திரும்பவும் ஜன்னலோரத்துக்குப் போயிருந்தது. அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் கால் மணி நேரத்தில் வெளியே வந்திருந்தார். பெரிய குச்சியை வாரத்துக்கு இரண்டு தடவை, டாக்டரம்மா சொன்னபடி, அவசரமில்லாமல். தட்டில் சோறு, கீரை, பக்கத்தில் பெரிய சொம்பில் தண்ணீர்.

"தங்கச்சி, நான் செஞ்சது தப்புத்தான். மாப்ளே, நீங்களாச்சும்..." அண்ணனின் கண் நாற்காலியில் நின்றுவிட்டது. அவர் உட்கார்ந்திருந்தது ஒரு மெத்தையின் மேல். தடித்த பச்சைத் துணி, இரட்டை மடிப்பு, நடுவில் கம்பளி. மீதித் துணியில் இன்னும் ஆறு மெத்தை தைத்து வார்டு ஆயாவிடம் கொடுத்திருந்தாள்.

"அது..."

"அதேதான்" என்றாள்.

அவர் சங்கடப்பட்டார். என்ன இருந்தாலும் இளகின மனசு. "நனைஞ்சு வந்திருக்காரு. அந்த ஸ்டூலை எடுத்துப் போடு. உக்காருங்க மச்சான்."

அவள் ஸ்டூலைக் காலால் மெஷினுக்கு அடியில் தள்ளினாள். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஐந்தாவது வாய், ஆறாவது வாய் எல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது.

"ஒரு வருஷம் இவர் நின்னுக்கிட்டே சாப்பிட்டாரு அண்ணே. இவர் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் நீ நில்லு. அப்புறம் பேசலாம்."

அண்ணன் வாயைத் திறந்தான்.

"கண்ணை வேணா மூடிக்க" என்றாள். "ரெண்டே நிமிஷம்தான்."

அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார், மச்சானை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெத்தையில் சரியாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, கீரையைச் சோற்றில் போட்டு, ரொம்ப நிதானமாகப் பிசைய ஆரம்பித்தார்.